ஒழுக்கமான மூங்கில்

ஒழுங்காக வளர்க்கப்பட்ட மூங்கில் பூக்காது. இது பாடாங் மேஹா ஊர்க்காரர் தர்மலிங்கத்தின் கண்டுபிடிப்பு. முப்பது ஆண்டுகளாகத் தம் வீட்டுப் பின்புறத்து மூங்கில் ஒரு மொட்டுக்கூட விடாததே அதற்கு ஆதாரம். நோன்புப் பெருநாள் நெருங்கினால், மூங்கில் குழாயில் அரிசி வேகவைத்து லெமாங் சுடும் மலாய்க்காரர்கள் கூலிமிலிருந்து லாரியோடு அவர் வாசலுக்கு வருவார்கள். தர்மலிங்கத்துக்கு ஊரில் இருந்த மரியாதை முழுவதும் அந்தப் புதரில்தான் வேர்விட்டிருந்தது.

திகாம் பத்துவில் வாழ்க்கைப்பட்ட தங்கை குணசுந்தரி, தன் மூங்கில் பூத்துவிட்டதென்று போனில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"காலையில எழுந்ததும் அதுகிட்ட கதை பேசுற. செல்லம் கொடுத்தா பூக்காம என்ன செய்யும்?"

"பூத்தா செத்துடுமாம் அண்ணே. கீழ துணி விரிச்சு விதை பொறுக்குறேன்."

"பொறுக்கு, பொறுக்கு. முளைச்சதும் தாலாட்டுப் பாடு. என் மூங்கில் மிலிட்டரி லா!"

பதினோராம் நாள் மிலிட்டரி பூத்தது. கணுவுக்குக் கணு நெல்மணி மாதிரிக் குஞ்சம். கிள்ளி எறிந்தார். மறுநாள் இரண்டு மடங்கு தொங்கியது. அதட்டிப் பார்த்தார். இலை பழுக்கத் தொடங்கியது. இனி லாரி எதற்கு வரும்? தங்கையை அழைத்தார்.

"உன்னுதுகிட்டேருந்து ஒட்டிக்கிச்சு."

"இவ்வளவு தூரம் பஸ் ஏறியா வந்துச்சு? என் கல்யாணத்தப்ப உங்க புதர்லேருந்து நீங்கதானே பிரிச்சுக் கொடுத்தீங்க? ரெண்டும் ஒரே உடம்பு அண்ணே. எங்க இருந்தாலும் சேர்ந்துதான் பூக்கும். போய் விதை பொறுக்குங்க."

"எனக்கு இடுப்பு வலி" என்று போனை வைத்தார்.

இடுப்பு வலியோடு அன்றே பழைய சாரோங் கைலியைப் புதரடியில் விரித்தார். உதிர்ந்ததைப் பொறுக்கி ஆறு காலி மைலோ டின்களில் விதைத்தார். இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றினார், கண்டித்தார், ஒன்றும் நடக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை, வேலிக்கு அப்பால் யாருமில்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு குந்தினார்.

"என்னடா கண்ணு, இன்னும் தூக்கமா? கூலிம்ல நேத்து நல்ல மழையாம்..."

தினமும் செய்தி வாசித்தார். ஐந்தாம் நாள் மூன்றாவது டின்னில் ஊசி முனையளவு பச்சை எட்டிப் பார்த்தது. அதற்கு வானிலை அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். டின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இரு ராசா, அத்தை கூப்பிடுறாங்க."