அம்மன் திரும்பும் முனை

கும்பகோணத்தில் யாரிடமாவது கோணக்கரை என்று சொல்லிப் பாருங்கள், "அது எங்க இருக்கு?" என்பார்கள். டவுனுக்குக் கூப்பிடு தூரம்தான். தெற்கே அரசலாறு, வடக்கே வாய்க்கால், நடுவில் இரண்டே தெரு. இந்த ஊருக்கு மினி பஸ் வருகிறது என்றால் யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்? வெள்ளோட்டத்தன்று காலையிலேயே ஊர் மொத்தமும் தெருவில் நின்றது.

எனக்குப் படபடப்பு இன்னும் அதிகம். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை முடிந்து மெயின் ரோட்டில் இறங்கினால், விளக்கில்லாத வாய்க்கால் கரையில் நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். போன மாதம் காலுக்குக் குறுக்கே பாம்பு போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

"பஸ் வந்தா வேலைக்குப் போ, அம்சம். வரலன்னா கடையை விட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர் சேரன். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பஸ் வந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து, புது மணப்பெண் மாதிரி மேலத்தெருக் கோடி வரை வந்து நின்றது. அதற்கு மேல் வயல்தான். அங்கேயே திரும்பியாக வேண்டும். டிரைவர் ஜாஃபர் சாதிக் அடிபம்புப் பக்கம் ஒடித்துப் பார்த்தார். முடியவில்லை. வாய்க்கால் பக்கம் ஒடித்தார். சக்கரத்தடியில் மண் சரிந்தது.

கூட வந்த அதிகாரி இறங்கினார். "ரொம்பச் சின்ன ஊருங்க. வண்டி திரும்ப இடமில்ல. மெயின் ரோட்டோட நிறுத்திக்குவோம்."

என் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"இடம் இருக்குங்க" என்று ஒரு குரல். பார்த்தால், சேரன்.

சித்திரைத் திருவிழாவில் எங்கள் காளியம்மன் பல்லக்கு இந்த முனையில் சட்டென்று திரும்பாது. இங்கே மூன்று வீடுகள் மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் உள்ளே தள்ளி இருக்கும். பல்லக்கு அவற்றின் வாசற்படி வரை போகும். அங்கிருந்து அப்படியே பின்வாங்கிப் புங்கமரத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அம்மன் வழி என்ற பயத்தில் அந்த இடத்தில் ஒருவரும் ஒரு மாட்டுமுளைகூட அடித்ததில்லை. பல்லக்கில் முன்தண்டு பிடிப்பவர் சேரன்.

அவர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். "நான் போற வழியில வாங்க, பாய்."

வாசற்படி வரை நடந்தார். பஸ் அவர் பின்னாலேயே போனது. பிறகு பின்பக்கம் ஓடி, மரத்தடியில் நின்று கையசைத்தார். "வாங்க, வாங்க, போதும். இப்ப முழுசா ஒடிங்க."

பஸ் லாவகமாகத் திரும்பி, டவுனைப் பார்த்து நின்றது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கோயிலுக்குப் பின்னால் பாதி மண்ணில் புதைந்து இரண்டு மரச்சக்கரங்கள் கிடக்கின்றன. பிள்ளைகள் ஏறி விளையாடும். அவை தேர்ச்சக்கரங்கள். தேரை இந்த முனையில் ஒரே மூச்சில் திருப்ப முடியாது. முன்னும் பின்னுமாக இழுத்துத்தான் திருப்பியிருப்பார்கள். தேர் போய்ப் பல்லக்கு வந்த பிறகும் வழியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

"நம்ம ஊர்ல தேர் ஓடியிருக்குய்யா" என்று கத்திவிட்டேன். ஒரே விசில். யாரோ பஸ்ஸுக்குக் கற்பூரம் காட்டினார்கள். அதிகாரியே சிரித்துவிட்டு, "சரி, இன்னைக்கே ஓட்டுங்க" என்றார்.

முதல் டிக்கெட் எனக்குத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே நின்ற சேரனிடம் கேட்டேன்: "நீங்க பேசாம நின்னிருந்தா நான் வீட்டோட இருந்திருப்பேனே?"

"சின்ன ஊர்ங்கிறாரு. கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்றது. உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் நகர்ந்தது.

சேரன் பக்கத்திலேயே ஓடிவந்து டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், சாயங்காலம் ஏழரை டிரிப்பை மட்டும் கட் பண்ணிடாதீங்க. எங்க வீட்ல அதுலதான் வருவாங்க."