தாளோடு ஒட்டிய மூடி

என் மனைவியின் தூக்கத்துக்கு அவளே விலை வைத்தாள்: எங்கள் படகு.

"இனிமே படுத்திருக்கும்போது ஒரே ஒரு சொட்டு என் மேல விழுந்தா, படகை வித்துடணும். பேச்சே கிடையாது" என்றாள்.

படகின் உள்ளறையில் படுக்கைக்கு நேர் மேலே, வெளிச்சத்துக்காக மேல்தளத்தில் பதித்திருந்த கண்ணாடிபோன்ற அக்ரிலிக் மூடிதான் குற்றவாளி. பதினைந்து வருட வெயிலில் பால் ஊற்றியதுபோல் மங்கி, உள்ளே முடி முடியாக விரிசல் ஓடியிருந்தது. ஊருக்கு மழை நின்ற பிறகும் எங்களுக்கு மட்டும் தனியாகப் பெய்யும்.

படகில் மச்சானும் பங்குதாரர். மனைவியின் அண்ணன்; துணிக்கடையிலும் என் கூட்டாளி. இருவரும் பழைய மூடியைக் கழற்றிக்கொண்டு அக்ரிலிக் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அளவெடுத்து விலை சொன்னார்.

"என்னங்க, தங்கத் தகடா?" என்றார் மச்சான்.

"தங்கம்னா வெளிச்சம் வராதுங்களே."

ஒரு மணி நேரம் பேசினோம். கோபித்துக்கொண்டு இரண்டு முறை வாசல்வரை போனோம். அவர் ஒரு முறைதான் திரும்பக் கூப்பிட்டார். தகட்டின் விலை இறங்கவே இல்லை. பொருத்துக்கூலி மட்டும் முழுசாகக் கழிந்தது, பொருத்தும் வேலை எங்கள் தலையில் விழுந்ததால்.

"மூடி உட்கார்ற சட்டத்துல பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது. தகட்டு மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கு பாருங்க, பசை படற ஓரத்துல மட்டும் ரெண்டு விரல் அகலம் உரிச்சிடுங்க. அப்புறம்தான் ஒட்டணும்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் குடும்பத்தில் புதுப்பொருள் எதையும் உரிக்கும் பழக்கம் கிடையாது. ஏழு வருட சோபா இன்னும் உறைக்குள் சரசரக்கிறது. டிவி ரிமோட் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. மச்சானின் காரில் அவர் பிரேக் போட்டால், பின்சீட்டுக்காரர் பிளாஸ்டிக்கில் வழுக்கி முன்சீட்டு விவகாரத்தில் தலையிடுவார்.

சட்டத்தைச் சுரண்டவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் நான் தகட்டோரத்தில் கத்தியை வைத்ததும், மனைவி கீழேயிருந்து மூடி இருந்த திறப்பு வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங்க! புதுசுல போய் கத்தி வைக்கிறீங்களே, கீறல் விழாதா?"

"பட்டறைக்காரர்தான் உரிக்கச் சொன்னாரு."

"அவருக்கென்ன, கீறல் விழுந்தா இன்னொண்ணு விப்பாரு."

வியாபாரி மகள் பேச்சு. கத்தியைக் கீழே வைத்தேன். "தங்கச்சி சொல்றது சரிதான் மாப்ளே" என்று மச்சானும் தலையாட்டினார். தாளோடு ஒட்டினோம். பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது.

பசை காய இரண்டு நாள் விட்டுச் சோதனை. மேலே மச்சான் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். கீழே மனைவி மூடிக்கு நேராகப் படுத்து, நீதிபதிபோல் மேலே பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. நான் சிரிக்க ஆரம்பித்தேன்.

"நெத்தியில ஒண்ணு" என்றாள்.

"வேர்வையா இருக்கும்மா."

"மூக்குல ஒண்ணு. கன்னத்துல ரெண்டு. அண்ணே, நல்லா ஊத்துங்க, கணக்கு முடியட்டும்."

பதினொன்றாவது சொட்டில் எழுந்து, படகு வாங்கக்கூடியவர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். நான் பட்டறைக்காரரை ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

அவர் மூடியை நெம்பியெடுத்து, மூலையில் நகத்தைக் கொடுத்துத் தாளை இழுத்தார். பாம்புச் சட்டையைப்போல் அது முழுசாக வந்தது. பசையும் கூடவே வந்தது.

"பசை மேல குத்தமே இல்லீங்க. நல்லாத்தான் ஒட்டியிருக்கு, தாள்ல. உரிக்க வேணாம்னு யாரு சொன்னது?"

மச்சான் கடலலைகளை ஆராய்ந்தார். பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக நியாயம் என் பக்கம் இருந்தது. அதனாலேயே வாயைத் திறக்கப் பயந்தேன்.

"நான்தான்" என்றாள் மனைவி.

பட்டறைக்காரர் கேட்ட கூலியை மச்சான் பேரம் பேசாமல் கொடுத்தார். நல்ல சரக்கைக் கேட்ட முதல் விலைக்கே விட்டுக்கொடுத்தவர்போல அன்று முழுக்க முகம் செத்துக் கிடந்தது. ஓரம் உரித்து மூடி மறுபடி ஒட்டப்பட்டது.

அதன்பின் மனைவி சொட்டுகளைப் பங்கு பிரித்தாள். விழுந்தது பதினொன்று. உரிக்காதே என்றதற்கு அவள் பெயரில் ஆறு. தலையாட்டியதற்கு அண்ணன் பெயரில் மூன்று. விஷயம் தெரிந்தும் கத்தியைக் கீழே வைத்ததற்கு என் பெயரில் இரண்டு. பெரிய பங்கு தன்னுடையது என்பதால் விற்பனை ரத்து. ஆனால் என் இரண்டுக்கு, இரண்டு மழை அந்தப் படுக்கையில் நான் தனியாகப் படுத்துக் காட்ட வேண்டும்.

ஒரு மழை படுத்தாயிற்று, நனையவில்லை. ஒன்று பாக்கி.