கரும்பு வண்டிப் பாட்டின் இரண்டாம் சரணம்

எழில்மதி பாட்டுக் கட்டும்போது முதலில் வருவது மெட்டுதான். அது நழுவிப் போகாமலிருக்க, கண்ணில் படுவதையெல்லாம் அதற்குள் போட்டு நிரப்பி வைப்பாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் அவளுக்கு வேலை. அதனால் அவள் கைபேசியில் பதிந்து வைத்திருக்கும் பாட்டுகளின் முதல் வடிவமெல்லாம் "காட்டன் சேலை, கரை வெச்ச சேலை, மேல ரேக்குல மடிச்ச சேலை" என்றுதான் இருக்கும். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் அதற்காகக் கூச்சப்பட்டதில்லை. சேலையை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்க அவளுக்குத் தெரியும்.

கரும்பு வண்டிப் பாட்டும் அப்படித்தான் தொடங்கியது. அவள் ஊர் சங்கராபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டுக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸுக்குள் எல்லோரும் டிரைவரையும் டிராக்டர்காரரையும் மாற்றி மாற்றித் திட்டுவார்கள். ஒரு மாலை, முன்சீட்டில் ஒரு பெண் மட்டும் திட்டாமல் வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் தோளில் பக்கத்து இளைஞன் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் இல்லை என்பது அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எழில்மதி இறங்குவதற்குள் பல்லவி முடிந்துவிட்டது.

*கரும்பு வண்டி முன்ன போவுது*
*மெல்லப் போகட்டும்*
*எறங்குற எடம் இன்னுங் கொஞ்சம்*
*தள்ளிப் போகட்டும்*

முதல் சரணத்துக்கு மூன்று நாள் ஆனது. ஓரச் சீட்டு, காற்று, தூக்கம், டிரைவர் பிரேக் போட்டதும் தோளில் சாய்கிற தலை. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியதால் அதில் சிக்கல் இல்லை. இரண்டாம் சரணம்தான் இழுத்தது. பாட்டில் வரும் பெண் பக்கத்துச் சீட்டுக்காரனிடம் பேர் கேட்க நினைக்கிறாள். அங்கே என்ன நடக்க வேண்டும் என்று எழில்மதிக்குத் தெரியவில்லை. கடைசியில் இப்படி எழுதினாள்:

*பேரு கேக்க வாயெடுத்தேன்*
*வார்த்தை வல்லியே*
*பாத்துக்கினே எறங்கிப்புட்டேன்*
*பதிலும் இல்லியே*

சந்தம் சரியாக இருந்தது. போதும் என்று விட்டுவிட்டாள்.

அவள் விடுமுறை நாட்களில் பாடும் இன்னிசைக் குழுவுக்கு சுபைர்தான் தலைவர். கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மாடியில், அடுக்கி வைத்த பக்கெட்டுகளுக்கும் குடங்களுக்கும் நடுவே கீபோர்டு இருக்கும். பதினைந்து வருடமாகக் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்தவர். சொந்தப் பாட்டு ஒன்று மேடையேற வேண்டுமென்று அவருக்கும் ஆசை. எழில்மதி பாடிக் காட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார்.

"இதுக்கு நான் ஒரு முன்னிசை போடறேன். புல்லாங்குழல் சத்தத்துல ஆரம்பிச்சி, அப்புறம் வயலின்."

முன்னிசை ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டது. அழகாகவும் இருந்தது. தியாகதுருகத்தில் ஒரு வரவேற்பில், எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாட்டுகளுக்குப் பிறகு மூன்றாவதாக அதை எடுத்தார்கள். புல்லாங்குழல் முடிந்து வயலின் வரும்போது முதல் மூன்று வரிசை பந்திக்கு எழுந்துவிட்டது. எழில்மதி வாய் திறந்தபோது எதிரே காலி நாற்காலிகளும் ஒரு வீடியோக்காரரும் இருந்தார்கள். அவள் குரல் தளராமல் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தாள்.

அடுத்த ஞாயிறு மாடியில் மூவரும் கூடினார்கள். மூன்றாவது ஆள் வெற்றிவேல், டிரம் பேடு வாசிப்பவன், அதிகம் பேசமாட்டான். பதிவைப் போட்டுக் கேட்டார்கள்.

"சனங்களுக்குப் பசி. அதுக்கு நாம இன்னா பண்ண முடியும்?" என்றார் சுபைர்.

கீழே கல்லாவில் இருந்த அவர் மனைவி மாஹிரா டீ கொண்டுவந்தார். "இன்னாங்க சொல்றாங்க உங்க பாட்டப் பத்தி?" என்று எழில்மதியைக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க, அண்ணி. கீழ கேட்டிருக்குமே."

"கேட்டுக்கினுதான் இருந்தேன். பாட்டு எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு."

சுபைர் மனைவியைப் பார்த்தார். பிறகு கீபோர்டைப் பார்த்தார். எழில்மதி தயங்கவில்லை.

"அண்ணா, முன்னிசை வேணாம். ஒரு சுரம் மட்டும் குடுங்க, நான் எடுத்துக்கறேன். என் தொண்டையிலேர்ந்தே ஆரம்பிக்கட்டும். சுருதியும் ஜாஸ்தி. பல்லவியில நான் கத்தறேன். பஸ்ஸுல பக்கத்துல இருக்குறவன் தூங்கறப்போ யாரும் கத்த மாட்டாங்க."

"ராத்திரியெல்லாம் உக்காந்து போட்ட முன்னிசைம்மா அது."

"தெரியும்ணா. நல்ல முன்னிசை. வேற பாட்டுக்கு நல்லா இருக்கும்."

சுருதியை ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலரைக்கு இறக்கினார்கள். வெற்றிவேல் தானாகவே வேகத்தைக் குறைத்து, டிராக்டர் எஞ்சின் இரைகிற மாதிரி ஒரு தட்டு பிடித்தான். சுபைர் கீழே இறங்கிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் அவரே மறுபடி உட்கார்ந்து, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் நான்கே சுரத்தில் ஒரு சின்ன இணைப்பு வாசித்தார். எழில்மதி அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பழைய முன்னிசையின் அழகு முழுவதும் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

திருக்கோவிலூர் வரவேற்பில் யாரும் எழுந்து போகவில்லை. பேச்சு அடங்கியது. முதல் சரணத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டாம் சரணத்தில் முகங்கள் மறுபடி கைபேசிக்குத் திரும்பின. எழில்மதி அதைக் கவனித்தாள். ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ கைபேசியில் எடுத்த அந்தப் பாட்டு அடுத்த வாரம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. எந்தப் படத்துப் பாட்டு என்று கடைக்கு வந்த ஒருவர் எழில்மதியிடமே கேட்டார். "நான் எழுதனதுங்க" என்றாள். அவர் நம்பாமல் சிரித்துவிட்டு ஒரு சேலையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்.

சித்திரையில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மேலே போனார்கள். மதியம் விருந்து, அதன் பிறகு நான்கு மணிக்குப் பாட்டு. சுபைரும் வெற்றிவேலும் ஸ்பீக்கர்களை இறக்கிக்கொண்டிருக்க, எழில்மதி தண்ணீர் கேட்டு வீட்டின் பின்பக்கம் போனாள். பலா மரத்தடியில் நான்கைந்து பெண்கள் ராத்திரிச் சாப்பாட்டுச் சாம்பாருக்குக் காய் அரிந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பாடிக்கொண்டே அரிந்தாள்.

எழில்மதிக்குத் தன் மெட்டை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி கூட ஆகவில்லை. சொம்பைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் நின்றாள். பல்லவி சரியாக இருந்தது. முதல் சரணமும் சரி. இரண்டாவதில் அந்தப் பெண் இப்படிப் பாடினாள்:

*பேரு கேக்க வாயெடுத்தேன்*
*ஊரைக் கேட்டுட்டேன்*

அதற்கு மேல் வார்த்தை இல்லாமல் தன்னனா போட்டுக்கொண்டு பல்லவிக்குப் போய்விட்டாள்.

முதலில் எழில்மதிக்குச் சுருக்கென்றது. தப்பாகப் பாடுகிறாளே என்று திருத்த வாயெடுத்தாள். அதற்குள் அந்த வரி மனதுக்குள் இன்னொரு முறை ஓடியது. பேரைக் கேட்க நினைத்து, தைரியமில்லாமல், எந்த ஊர் என்று கேட்டுவிட்ட பெண் கண்முன் வந்து உட்கார்ந்தாள். தான் எழுதிய 'வார்த்தை வல்லியே'யில் அப்படி யாரும் இல்லை என்று அப்போது தெரிந்தது. திருக்கோவிலூரில் முகங்கள் கைபேசிக்குத் திரும்பியது ஏனென்றும் தெரிந்தது.

"அக்கா, அந்த ரெண்டாவது அடிய இன்னொரு வாட்டி பாடுங்களேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பேர் பூமாலை, அன்று காது குத்திக்கொண்ட குழந்தைக்கு அத்தை. "எதுக்கு?"

"அந்த வரி எங்க கேட்டீங்க?"

"திருக்கோவிலூர்ல எங்க தம்பி வேல செய்யறான். அவன் போன்ல அனுப்பிச்சான். அந்த எடம் வரும்போது கொழந்த ஒண்ணு வீல்னு கத்துது. இன்னா பாடறாங்கன்னே வெளங்கல. நானே எதையோ போட்டுக்கினு பாடறேன். தப்பா?"

"தப்பில்லக்கா. அந்தப் பாட்டு நான் எழுதனது. அந்த எடத்துல நீங்க போட்டது, நான் போட்டதவிட நல்லா இருக்குது."

மற்ற பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டார்கள். பூமாலை அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெசமாவா? இன்னா போட்டிருந்த?"

எழில்மதி பாடிக் காட்டினாள்.

"அதுவும் நல்லாத்தான் இருக்குது" என்றாள் பூமாலை, மரியாதைக்காக. பிறகு, "ஆனா வார்த்த வராம யாரு நிப்பா? பொம்பளைங்களுக்கு எதுனா ஒண்ணு வாயில வந்துடும். சம்பந்தமில்லாம வரும். அவ்ளோதான்" என்றாள்.

"உங்க வரிய நான் எடுத்துக்கட்டுமா? பாட்டு எழுதனவங்க பேருல உங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

"ஒரு வரிக்கா?"

"இந்தச் சரணத்துக்கு அந்த ஒரு வரிதான் உசிரு."

பூமாலை கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள். "எடுத்துக்க. மேடையில சொல்லும்போது மூணு எழுத்தையும் ஒழுங்கா சொல்லணும். பூமா இல்ல, பூமாலை."

எழில்மதி வேனுக்கு ஓடினாள். சுபைர் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல மேடை. இப்ப வரிய மாத்துவியா? அதுவும் அடுத்தவங்க வரி. அது உன் பாட்டும்மா. நீ எழுதனதே இருக்கட்டும்."

"உங்க முன்னிசைய எடுக்கச் சொன்னேன். நீங்க எடுத்தீங்க. அப்புறந்தான் பாட்டு நின்னுச்சி. என் வரின்னதும் மட்டும் நான் கெட்டியா புடிச்சிக்கினா நல்லாவா இருக்கும்ணா?"

சுபைர் ஒயரைக் கீழே வைத்தார். "சரி, பாடு."

இரண்டு அடி பாடினாள். சுபைர் சிரித்துவிட்டார். வெற்றிவேலும் சிரித்தான். சிரித்த பிறகு மூவருக்கும் ஒரே சந்தேகம் வந்தது. அடுத்த இரண்டு அடி இனிமேல் பொருந்தாது. ஊரைக் கேட்டவள் பதில் இல்லை என்று இறங்க முடியாது.

எழில்மதி வேனின் படியில் உட்கார்ந்தாள். மெட்டுக்குள் வழக்கம்போல் கண்ணில் பட்டதைப் போட்டாள். ஸ்பீக்கர் பெட்டி, ஒயர் சுருள், பலா மரம், மரத்தடியில் நின்ற டூவீலர். எதிரே ஒருவர் கீழேயிருந்து வந்த விருந்தாளிக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பிறந்தவர் ஊருக்குப் புதியவருக்கு வழி காட்டுகிறார். அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. காகிதம்கூட எடுக்கவில்லை. வாயிலேயே வந்தது.

*பொறந்து வளந்த ஊருக்குத்தான்*
*வழியைக் கேட்டுட்டேன்*

"இது போதும். இதுக்கு மேல தொடாதே" என்றார் சுபைர்.

வெற்றிவேல் முதல்முறையாகத் தன் கருத்தைச் சொன்னான். "வாயெடுத்தேன்னு சொன்னதும் நான் நிறுத்திடறேன். நீங்களும் நிறுத்துங்க. ஒரு மூச்சு எடுக்குற நேரம் ஒண்ணும் கேக்கக் கூடாது. அப்புறம் எழிலு சொல்லட்டும்."

நான்கு முறை ஒத்திகை பார்த்தார்கள். முதல் இரண்டு முறை நிறுத்தம் நீண்டுவிட்டது. மூன்றாம் முறை சுபைரின் விரல் முந்திக்கொண்டது. நான்காம் முறை சரியாக அமைந்தது.

பந்தலில் பாட்டு தொடங்கியபோது பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எழில்மதி ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பல்லவியை எடுத்தாள். அடங்கிய குரல், பக்கத்துச் சீட்டுக்காரனை எழுப்பிவிடக்கூடாது என்கிற குரல். பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. சரணத்தில் பிரேக் போட்டதும் சாய்ந்த தலைக்குச் சிரித்தார்கள். இரண்டாம் சரணம் வந்தது. 'வாயெடுத்தேன்' என்றதும் பேடும் கீபோர்டும் நின்றன. பந்தலே அந்தப் பெண் என்ன கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தது.

ஊரைக் கேட்டாள். சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. பிறந்து வளர்ந்த ஊருக்கு வழி கேட்டபோது ஒரு பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எழில்மதி பல்லவிக்குத் திரும்பினாள். 'தள்ளிப் போகட்டும்' என்ற இடத்தில் சிரித்தவர்களின் முகங்கள் மெல்ல மாறியதை அவள் மேடையிலிருந்து பார்த்தாள். அந்தப் பெண் எதற்காக அப்படி உளறினாள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

முடிந்ததும் மைக்கில் சொன்னாள். "பாட்டு, எழில்மதி, பூமாலை. இசை, சுபைர், வெற்றிவேல்." பூமாலை பந்தல் காலருகே கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது அவள் தலை குனியவில்லை. இன்னொரு தரம் பாடச் சொல்லி அங்கிருந்தே கையைக் காட்டினாள். பாடினார்கள்.

வைகாசியில் விழுப்புரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்தார்கள். வலையேற்றும்போது பாடலாசிரியர் என்ற இடத்தில் இரண்டு பேர்களையும் எழில்மதியே தட்டச்சு செய்தாள். ஐந்தாறு நாள் கழித்துப் பூமாலையிடமிருந்து அழைப்பு வந்தது.

"கேட்டேன். நல்லாதான் வந்திருக்குது. எங்க ஊட்டுக்காரர் எல்லார்கிட்டயும் காட்டிக்கினு திரியறாரு."

"அடுத்த பாட்டுக்கும் ஒரு வரி குடுங்கக்கா."

"அதெல்லாம் கேட்டா வராது. நீ பாட்ட அனுப்பு. எனக்கு எதுனா வெளங்காம போனா நானே போட்டுக்குவேன்."

எழில்மதி சிரித்தபடி வைத்தாள். அன்று கடையில் கூட்டம் கம்மி. மடித்த சேலைகளை ரேக்கில் அடுக்கிக்கொண்டே, முந்தாநாள் பஸ்ஸில் வந்த புது மெட்டை முனகினாள். இந்த முறை வார்த்தை எதையும் போடாமல், முதல் இரண்டு அடியைத் தன்னனாவாகவே பதிந்து மலைக்கு அனுப்பிவிட்டாள்.