சிம்சோனின் நான்கு நகங்கள்

சிம்சோனை ஆறு தந்திகளில் கட்டிப்போட ஏழு மாதம் உழைத்தார் கிட்டார்க் கலைஞர். வேதாகமத்துச் சிம்சோன்! முடியிலே வலிமை கொண்டவன். தெலீலாளின் மடியிலே உறங்கி அந்த முடியை இழந்தவன். கடைசியில் தூண்களைத் தள்ளி மாளிகையையே சரித்தவன். அவன் கதையைப் பதினான்கு நிமிட இசையாக்கி, அன்று மாலை நான்கு மணிக்கு இசைமன்றக் குழுவின் முன் வாசிக்க இருந்தார். குழு ஏற்றால் ஆண்டு விழா மேடை. மறுத்தால், கட்டிலுக்கு அடியில் தூசி தின்னும் பதினொரு இசைப்படைப்புகளோடு இது பன்னிரண்டாவது.

கலைஞரின் வலிமை முடியில் இல்லை. முடியே அதிகம் இல்லை. தந்தியை மீட்டும் நான்கு வலக்கை நகங்களில் இருந்தது. அவற்றை வளர்த்து, அரத்தால் தேய்த்து, கண்ணைப்போல் காத்தார். இடக்கை நகங்களை, தந்தியை அழுத்த இடைஞ்சல் என்று ஒட்ட வெட்டியிருந்தார்.

மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்து விழித்தபோது, வலக்கை நகங்களும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன.

எதிரே மாமியார். முப்பத்தெட்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து, உறங்கும் நோயாளிகளுக்கு நகம் வெட்டிப் பழகிய கை. துண்டுகளைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கையை வெட்டிட்டு அப்படியே தூங்கிட்டீங்க மாப்பிள்ளை. பாதியில கிடக்கேன்னு நான் முடிச்சு விட்டேன்.”

“நீங்கதான் அத்தை தெலீலா” என்றார் அவர்.

மாமியாருக்குக் கதை தெரியும். ஆண்கள் அயர்ந்து தூங்குவதற்கெல்லாம் பெண்கள் காலங்காலமாகப் பழி சுமக்க வேண்டுமா என்று கேட்டார். தெலீலாளுக்கு இந்த இசையில் எவ்வளவு நேரம் என்றும் கேட்டார். நான்கு நொடி, அதுவும் கத்தரிக்கோல் ஓசை என்று தெரிந்தது.

“அப்போ நான் வெட்டினது தப்பே இல்ல.”

சண்டையைத் தீர்த்தவர் மனைவி. பள்ளியில் டேபிள் டென்னிஸ் கற்பிப்பவர். பந்துகளை நக வடிவில் நறுக்கிப் பசையால் ஒட்டினார். வெள்ளைப் பந்து தீர்ந்துவிட்டதால் இரண்டு வெள்ளை, இரண்டு ஆரஞ்சு.

குழுத் தலைவர் தேநீரோடு அமர்ந்து கேட்டார். சிம்சோன் பிறந்தான், வளர்ந்தான், முடி இழந்தான், நகங்கள் தாங்கின. தூண்களைத் தள்ளும் இடம் வந்தது. ஆறு தந்திகளையும் ஓங்கி அறைந்தார் கலைஞர். ஒரு நகம் மின்விசிறியில் பட்டுத் தெறித்தது. ஒன்று செயலாளரின் வழுக்கையில் இறங்கியது. ஒன்று தலைவரின் தேநீரில் விழுந்தது.

தலைவர் கரண்டியால் ஆரஞ்சுத் துண்டை மெல்ல எடுத்துப் பார்த்தார்.

“இது என்ன, தூணா?”

துணைக்கு வந்திருந்த மாமியார் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

“கூரைங்க. தூண் இன்னும் அவர் விரல்லதான் இருக்கு.”

குழு கூடிப் பேசியது. இசையை ஏற்றது, ஒரே நிபந்தனை, விழா மேடையிலும் கூரை இப்படியே விழ வேண்டும்.

விழாவுக்கு நகம் நறுக்கும் பொறுப்பை மாமியாரிடமே ஒப்படைத்தார்கள். கையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, தெலீலாளுக்கு இரண்டு நிமிடம் கேட்டார் அவர்.

மாப்பிள்ளை மூன்று கொடுத்தார்.