வாசல் வரைக்கும் போன ஜீப்

குடியரசு தினத்தன்று பொழுது விடிந்ததுமே பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெரு ஒன்றில் பாவு நீட்டியாகிவிட்டது. தெரு நடுவே நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்குக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள் மங்கையர்க்கரசியும் அக்கம்பக்கத்தாரும். தெருமுனையில் மாலை கட்டிய ஜீப் ஒன்று நின்றது. மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் உள்ள முன்னாள் ராணுவத்தினரின் வீட்டு வாசலுக்கே போய் மாலை போட்டு, மேளத்தோடு அழைத்துவந்து, பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்ற வைக்க வேண்டும் என்று அந்தப் பகுதிக்காரர்கள் விழாக்குழு அமைத்திருந்தார்கள். தலைவர் பஞ்சாட்சரம். நல்ல மனிதர்தான். இதற்காக வேலையை விட்டு அலைந்தவர். மற்றவர்களை எல்லாம் ஜீப்பில் ஏற்றியாயிற்று. பாக்கி தனசேகரன் ஒருவர்தான். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வீடு, தெருவைத் தாண்டிய காலனியில். அவரை மட்டும் முனைக்கு வந்து ஏறிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பியிருந்தார் பஞ்சாட்சரம்.

தனசேகரன் வரவில்லை. அவர் மனைவி கங்கையம்மாள்தான் வந்தாள்.

“என்னாம்மா, அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் பஞ்சாட்சரம்.

“உடம்புக்கு என்னா? சட்டைய இஸ்திரி போட்டு, மெடலு எல்லாம் குத்திக்கினு வாசல்லதான் நிக்குறாரு. மத்தவங்கள வீட்டாண்ட போய் கூட்டியாந்தீங்க இல்ல? எங்க வீட்டாண்டயும் வாங்க. இல்லன்னா சட்டைய கழட்டி பொட்டியில வெச்சிடுறேன்னுட்டாரு.”

பஞ்சாட்சரம் தெருவைக் காட்டினார். “நீயே பாரும்மா. பாவு நீட்டியிருக்குது. ஜீப்பு போக வேற வழி கெடையாது. சாமி ஊர்வலம் வந்தாதான் நாங்க பாவ நகத்துவோம். நான் என்னா பண்ணட்டும்?”

கங்கையம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“இரு அக்கா, போவாத.” பாவின் மறுபக்கத்திலிருந்து மங்கையர்க்கரசி நிமிர்ந்தாள். “அண்ணா, இது என் பாவு. ஜீப்பு இந்தப் பக்கம் வருமான்னு நேத்தே உன்னாண்ட கேட்டேன். வராது, நீ நீட்டுன்னு சொன்ன. அங்க போறதில்லன்னு நேத்தே முடிவு பண்ணிட்ட. பழிய ஏன் என் பாவு மேல போடுற?”

பஞ்சாட்சரத்தின் முகம் சுருங்கியது. “அந்தப் பக்கம் நம்ம மேளம் எப்பவும் போனதில்லையேம்மா…”

“எங்களுக்குக் காலு இருக்குதுங்க. போன்னா போவோம்,” என்றார் மேளக்காரர், டீ டம்ளரை வைத்தபடி.

யாரோ சிரித்துவிட்டார்கள்.

“ஈரப் பாவு. சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும்,” என்றார் பஞ்சாட்சரம், கடைசி முயற்சியாக.

“சுருட்ட வேணாம். தூக்கிப் புடிக்கிறோம். நீ மாலைய எடுத்துக்கினு போ.”

தெருவே திரண்டது. வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் பாவைத் தூக்கி, சுவரோரம் ஒதுங்கித் தலைக்கு மேல் பிடித்தார்கள். ஒருவர் கை நழுவினாலும் மங்கையர்க்கரசியின் பட்டு பாழ். ஜீப் மெதுவாக நகர்ந்தது.

“சீக்கிரம் வரச் சொல்லுங்கப்பா, தோளு கழண்டுடும் போல.”

“டீக்கடையில மணிக்கணக்கா நிக்கத் தெரியுதில்ல? புடிடா பேசாம!”

காலனிக்குள் முதல்முறையாக அந்த மேளம் முழங்கியது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்கள். தனசேகரன் வாசலில் விறைப்பாக நின்றிருந்தார். பஞ்சாட்சரம் அவருக்கு மாலை போட்டார்.

“தப்பு என்னுது சார்.”

“வந்துட்டீங்க இல்ல, ஏறுங்க. கொடியேத்த நேரமாச்சு,” என்றார் தனசேகரன்.

ஜீப் திரும்பி வந்தபோது, உயர்த்திய கைகளுக்கு மேல் சிவப்புப் பட்டு இழைகள் வெயிலில் பளபளத்தன. ஒரு கைகூட இறங்கியிருக்கவில்லை. தனசேகரன் எழுந்து நின்று அந்தத் தெருவுக்கு சல்யூட் வைத்தார். கை தட்ட முடியாதவர்கள் வாயாலேயே ஆரவாரம் செய்தார்கள்.

மைதானத்தில் அவரே கொடியேற்றினார். பிறகு பஞ்சாட்சரம் மைக்கைப் பிடித்தார். எழுதிவைத்திருந்த பேச்சை அவர் படிக்கவில்லை.

“எல்லையில நின்னப்ப, எந்தத் தெருவுக்குக் காவல் நிக்கிறோம்னு இவரு பாக்கல. மாலை போட வந்த நான்தான் தெருவப் பாத்தேன். ஒருத்தர் வாசப்படிய மிதிக்க மனசு இல்லாம அவர் கழுத்துல மாலைய மட்டும் போட்டா, அது மரியாதையே இல்லீங்க. அடுத்த வருஷம் நம்ம மேளம் காலனியில இருந்துதான் கிளம்பும்!”