இருக்கிறவர்களின் செலவு

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. எழுதுகிறவன் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறான். அவன் பெயர் கதிர். புள்ளியியல் படித்தவன். நாமக்கல்லில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. தேசிய மருத்துவக் காப்பீட்டை மருந்துக்கும் பரிசோதனைக்கும் விரிவாக்கினால் அரசுக்கு எவ்வளவு ஆகும் என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் மதிப்பிட்டுத் தர வேண்டும். இப்போது மூன்றரை. அதை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

2

முதல் தொடக்கம்: "ஜேடர்பாளையம் தடுப்பணையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில்..."

வேண்டாம். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: "சுகன்யா இறந்த பதினோராவது மாதம்..."

இதுவும் வேண்டாம். [சுகன்யா அவன் மனைவி. இந்த அடைப்புக்குறிக்கு வெளியே அவள் வரமாட்டாள்.]

3

ஆகவே, சின்னாயி. ஜேடர்பாளையத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். போன வாரம் கதிர் படிவத்தோடு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வருசத்துல ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாமப் போச்சுங்களா?"

"ஒருத்தருக்கும் இல்லீங்க சாமி. நானும் என்ற மருமவளுந்தான். ஒரு தலவலி இல்ல."

மருந்துச் செலவு: 0. எழுதிவிட்டு எழுந்தவன் காலி மாட்டுக் கொட்டகையைப் பார்த்தான்.

"மாடு இல்லீங்களா?"

"ரெண்டு இருந்துச்சுங்க. எங்கூட்டுக்காரருக்கு கிட்னி போயி, டெஸ்ட்டு மாத்திரைனு சேலத்துக்கு அலைஞ்சதுல வித்தாச்சு. தையில போய்ச் சேர்ந்துட்டாரு."

"இதத்தானுங்களே கேட்டேன்?"

"எங்கீங்க கேட்டீங்க? ஊட்டுல இருக்கறவங்களத்தான கேட்டீங்க!"

[இந்தப் பேச்சில் எழுதுகிறவன் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரிந்திருந்தால் நல்ல தொடக்கம் கிடைத்திருக்கும்.]

4

ஐந்நூறு வீடுகள். ஃபோனில் மறுபடி விசாரித்தான். பத்தொன்பது வீடுகளில் இறந்தவரின் செலவை யாரும் சொல்லியிருக்கவில்லை. சேர்த்ததும், குடும்பத்துக்கு 2,140 ரூபாய் என்ற சராசரி 3,660 ஆனது. திட்டத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 2,500.

மேலாளர் தனசேகர் ஃபோனில் வந்தார்.

"ஏப்பா கதிரு, செத்தவங்க அடுத்த வருசம் மாத்திரை வாங்க வரப்போறாங்களா?"

"அடுத்த வருசம் வேற ஆளுங்க சாவாங்கண்ணா."



"பழைய நம்பரக் குடுத்தாத் திட்டமாச்சும் வரும் சாமி. புதுசக் குடுத்தா ஃபைலே திரும்பி வந்துரும். பாத்து அனுப்பு."

அவரைக் கெட்டவராக்க எழுதுகிறவன் இரண்டு முறை முயன்றான். முடியவில்லை.

5

ஒரு முடிவு: 2,140. திட்டம் வரும். கார்த்திகை வாக்கில் பணம் தீரும். ஸ்கேன் மையத்தில் ஒரு பெண்ணிடம் "அடுத்த மாசம் வாங்க" என்பார்கள்.

இன்னொரு முடிவு: 3,660. திட்டம் வராது. அந்தப் பெண் ஸ்கேன் மையத்துக்கே போகாமல்

வாக்கியம் இங்கே நிற்கட்டும்.

6

நாலே முக்கால். கட்டின் அடியில் படிவம் எண் ஒன்று. கேள்விகளைச் சோதித்துப் பார்க்கக் கதிர் தன் வீட்டுக்குத் தானே நிரப்பியது. வீட்டில் இருப்பவர்கள்: 1. நோயுற்றவர்கள்: இல்லை. மருந்துச் செலவு: 0. எழுத்துகள் கோணாமல் இருந்தன. ஐந்நூறில் இந்த ஒரு வீட்டுக்குத்தான் அவன் ஃபோன் போட்டு விசாரிக்கவில்லை.

அடித்துவிட்டு மேலே எழுதினான்: சுகன்யா, வயது 28, ரூ. 64,000. அடைப்புக்குறி போடவில்லை.

3,660 என்பது 3,788 ஆனது.

மின்னஞ்சல் திறந்திருக்கிறது. 2,140, 3,788 என்று இரண்டு கோப்புகளும் தயார். எதை இணைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி, திருத்திய படிவத்திலிருந்து:

கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர்?