மேடத்தின் இதயம்

அவள் வேலை பார்த்தது ஒரு பல் மருத்துவமனையின் அடித்தளத்தில். மேலே டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். கீழே இவள் பல்செட் செய்வாள். மேசை நிறைய முன்பின் தெரியாதவர்களின் ஈறுகள், பிளாஸ்டரில் வார்த்தவை. யாருக்குக் கடைவாய்ப்பல் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று தெரியும், முகம் தெரியாது. சில நாட்கள் வாயே திறக்காமல் வேலை முடிந்துவிடும்.

வீட்டில் முன்பு ஒரு நாய் இருந்தது. உயரமான, ஒடிசலான, சாம்பல் நிற வேட்டை இனம். உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறு நாய்களுக்கு மேல் தேறாது. நாலு வயதில், நல்ல பகலில், மாடிப்படி இறங்கும்போது அது அப்படியே சரிந்தது. வார் அவள் கையிலேயே இருந்தது. அந்த இனத்தின் பரம்பரை நோய் என்றார்கள். இதயம் மெல்ல வீங்கிக்கொண்டே போய், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பெரும்பாலானவை ஐந்து வயதைத் தாண்டுவதில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு குழுவில் சேர்ந்தாள். கைவிடப்பட்ட அந்த இன நாய்களை மீட்டு வீடு தேடிக் கொடுப்பார்கள். ரத்தம் எடுத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பேருக்குத்தான் குழு. போனை எடுப்பது அவள் ஒருத்திதான். அக்கா எப்போதாவது கூப்பிட்டால், "ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் நீதான் சம்பந்தியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற சர்வேயர்.

"மேடத்தை யாராவது பாத்துக்கணும்மா."

"நர்ஸ் வேணுமா சார்? நாங்க நாய்ங்களை மட்டும்தான்..."

"மேடம்தாம்மா நாய்."

அவர் மனைவி வைத்த பெயராம். வீட்டிலேயே நல்ல நாற்காலியைத் தவிர வேறு எதிலும் உட்காராதாம். மனைவி போய்விட்டாள். மகன் தொலைவில் இருந்தபடியே அவருக்கு முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவிட்டான். அங்கே நாய் கூடாது.

"வயசு என்ன சார்?"

"பன்னெண்டு நடக்குது."

"சார், நாயோட வயசு."

"அதத்தாம்மா சொல்றேன். என் வயசைக் கேட்டா பொண்ணு தரப் போறீங்க?"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வயதில் அந்த இனத்தில் ஒரு நாய் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அன்று மாலையே போனாள். கூடத்தில் கட்டிவைத்த பெட்டிகள். நடுவே ஒரே ஒரு நாற்காலி மட்டும் கட்டப்படாமல் இருந்தது; அதில் கால்மேல் கால் போட்டதுபோல் மேடம் உட்கார்ந்திருந்தது. முகவாய் வெளுத்திருந்தது. சர்வேயர் ஒரு போர்வையை மடித்துக் கொடுத்தார். வாசல் வரை வரவில்லை. "நான் வந்தா அது வண்டியில ஏறாது," என்றார்.

மேடம் அவள் வீட்டில் சாப்பிட்டது, தூங்கியது, நடக்கப் போனது. ஆனால் அவளிடம் ஒட்டவில்லை. விருந்தாளி போல ஓர் ஓரமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே அறையில் தனித்தனியாக இருந்தார்கள்.

ஞாயிறுதோறும் சர்வேயர் கூப்பிடுவார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "மேடம், சாப்டீங்களா?" என்பார். மேடத்தின் காது நிமிரும். எழுந்து போய்க் கதவருகில் நிற்கும். போனை வைத்த பிறகும் அங்கேயே படுத்துக்கொண்டு, கதவின் அடியில் தெரியும் வெளிச்சத்தையே பார்க்கும். சாப்பாட்டைத் தொடாது.

சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

"சார், உங்க குரலைக் கேட்டா அது கதவுக்கிட்ட போய்ப் படுத்துக்குது. நீங்க வருவீங்கன்னு நினைக்குது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தாள்.

"அப்ப நான் பேசல," என்றார். "நீங்க போனை மட்டும் கிட்ட வைங்க. நான் கேட்டுக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. மேடம் தண்ணீர் குடிக்கும்போது இவள் அருகில் போனைப் பிடிப்பாள். நகங்கள் தரையில் டக்டக்கென்று போவது, போர்வையைச் சுரண்டிச் சுரண்டிப் படுப்பது, பெருமூச்சு. மறுமுனையில் அவர் மூச்சுகூட விடமாட்டார். முடிந்ததும் போனை விரலால் ஒரு தட்டு தட்டுவார், வைத்துவிடுவார். சமயத்தில் மேடம் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது அவள் தானே அடுப்படியில் மேடத்தின் தண்ணீர்ப் பாத்திரத்தை நகர்த்துவாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா மேடத்தின் மார்பில் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இதோட ரத்தத்துல அந்தக் கோளாறு இருக்கு. அம்மா வழியா ஒண்ணு, அப்பா வழியா ஒண்ணு, ரெண்டும் இருக்கு. இந்நேரம் போயிருக்கணும். ஆனா இதயத்தைப் பாருங்க, குட்டி நாயோடது மாதிரி அடிக்குது. ஏதோ ஒண்ணு இதைக் காப்பாத்திட்டிருக்கு."

"அது என்னன்னு தெரிஞ்சா?"

"மத்ததையும் காப்பாத்த வழி தேடலாம். ஆனா ரத்தம் மட்டும் போதாதும்மா." கொஞ்சம் தயங்கினார். "இது போன பிறகு, உடனே கொண்டுவந்தா, இதயத்தை எடுத்துப் பாக்கலாம்."

"என்னைக் கேக்காதீங்க டாக்டர். நான் வெறும் துணைக்கு இருக்கிறவ."

அந்த ஞாயிறு சர்வேயரிடம் சொன்னாள்.

"மீதியத் திருப்பிக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க சார்."

"அப்ப எடுத்துக்கட்டும். ஆனா உசுரோட இருக்கிற வரைக்கும் ஒரு ஊசிகூட அதிகமாப் போடக் கூடாது. அதுக்கு ஊசின்னா ஆகாது."

மேடம் அந்தக் குளிர்காலத்தையும் தாண்டியது. வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், அடுப்படியில் வெளிச்சம் விழும் இடத்தில் படுத்திருந்தபடியே போய்விட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்போடு தரையில் உட்கார்ந்தாள். அதன் காதைத் தடவினாள். இத்தனை நாளில் அவ்வளவு நேரம் தொடவிட்டது அன்றைக்குத்தான்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. போர்வையில் சுற்றி டாக்சியில் ஏற்றிக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"நல்லாத் தூங்குதும்மா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, வண்டின்னா ஒரே ஆர்ப்பாட்டம்."

"இது ரொம்ப சாது," என்றாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும் கை வெறுமையாக இருந்தது. போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறி முதியோர் இல்லத்துக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். நீளமான மேசையில் சர்வேயர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்து நின்ற அவளைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம் போயிட்டாங்களா?"

"காலையில சார். வலி எதுவும் இல்ல."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். எதிரில் இருந்த அம்மாள் ஒருத்தி எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மாவா? எனக்கும் அவர் போய் ரொம்ப நாளாச்சு. மனசைத் தேத்திக்குங்க."

சர்வேயர் இவளைப் பார்த்தார். இவள் தட்டைப் பார்த்தாள். இரண்டு பேருமே அந்த அம்மாளைத் திருத்தவில்லை. அதற்குள் மேசையில் ஒவ்வொருவராக வந்து அவரிடம் வருத்தம் சொல்லத் தொடங்கினார்கள். மனைவி இறந்தபோது சொல்ல ஆள் இல்லாமல் போன வருத்தத்தையெல்லாம் அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் எரித்துத் திருப்பிக் கொடுத்த அஸ்திப் பானையை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். இல்லத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு, மதிலோரமாகப் புதைத்தார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கவில்லை. அவள் துணி துவைத்தாள், தூங்கினாள். ஒருமுறை தானாகவே மேடத்தின் பாத்திரத்தை நகர்த்திவிட்டுச் சும்மா நின்றாள்.

மழைக்காலம் முடியும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். மருந்து வர இன்னும் வருடங்கள் ஆகலாம். ஆனால் மேடத்தைக் காப்பாற்றியது எது என்று அகப்பட்டுவிட்டது. அதே பாதுகாப்பு இருக்கிற நாய்கள் இன்னும் சில ரத்தச் சோதனையில் தெரிந்திருக்கின்றன. அவற்றை இணைசேர்த்தால், இனி பிறக்கும் குட்டிகளில் கொஞ்சமாவது பிழைக்கும்.

அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சர்வேயரைப் பார்க்கப் போனாள். அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல உதட்டையே பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

அவள் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காந்து சொல்லுங்க. உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்," என்றாள். "எனக்கு என்ன அவசரம்."